கல்லூரிப் பிள்ளைகளும் செல்போனும்: தூக்கத்திலிருந்து தொடங்குவோம்



கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தோடு நமது அலுவலகத்துக்கு வரும் பெற்றோர், மதிப்பெண் பட்டியலைக் கொடுத்துவிட்டு எழுந்து போகுமுன் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "இந்தப் பிள்ளை கையிலேர்ந்து ஃபோனை எப்படிங்க வாங்குறது?" ஜும்ஆ பயானில் கண்டிப்பாகப் பேசச் சொல்லுங்கள் என்கிறார்கள் சிலர். இன்னும் சிலர் எங்கள் எதிரிலேயே பிள்ளையைத் திட்டத் தொடங்கிவிடுகிறார்கள். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நாங்கள் விசாரித்துப் பார்த்தவரை, அரியர் வைத்திருக்கிற பிள்ளைகளில் பலருடைய கதை ஒரே மாதிரி இருக்கிறது. இரவு ஒரு மணி, ஒன்றரை மணி வரை விழிப்பு. காலையில் அரக்கப்பரக்க ஓட்டம். முதல் இரண்டு வகுப்பில் தூக்கம். சாயங்காலம் தலைவலி, எரிச்சல். மறுபடி ஃபோன்.

எனவே எங்கள் யோசனை இதுதான்: ஃபோனைப் பிடுங்குவதிலிருந்து தொடங்காதீர்கள், தூக்கத்தைச் சரிசெய்வதிலிருந்து தொடங்குங்கள். அடுத்து உடலுக்கு வேலை கொடுங்கள். இந்த இரண்டும் சரியானால் ஃபோன் தானாகவே ஓரளவு கையைவிட்டு இறங்கும். அதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

பிடுங்கி வைப்பது பள்ளிக்கூடப் பிள்ளையிடம் ஓரளவு நடக்கும். கல்லூரிப் பிள்ளையிடம் நடக்காது. வருகைப் பதிவு, பாடக்குறிப்பு, தேர்வுக் கட்டணம், கல்லூரிப் பேருந்து எங்கே வந்துகொண்டிருக்கிறது என்ற தகவல் எல்லாமே அதில்தான் வருகின்றன. இணையத்தில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் ஓடிபி வருவதும் அதில்தான். நாம்தான் ஆயிரங்களைக் கொடுத்து வாங்கிக் கொடுத்தோம். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது ஆன்லைன் வகுப்புக்காக, நகையை அடகு வைத்துக்கூட ஃபோன் வாங்கிய வீடுகள் நம் பகுதியில் உண்டு. அப்போது பள்ளியில் படித்த பிள்ளைகள்தாம் இப்போது கல்லூரியில் இருக்கிறார்கள்.

இந்தப் பழக்கம் வந்த வழியையும் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதற்கு முன் இணையத்தை அளந்து அளந்து செலவழித்தோம். அதற்குப் பின் யாரும் அளக்கவில்லை. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது; அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்துவிட்டது. ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் இன்னொரு மடையில் பாயும் என்பது ஆற்றுப்பாசனம் செய்கிற நமக்குத் தெரியாததா?

பார்க்கத் தொடங்கினால் நிறுத்த முடியவில்லை என்று பிள்ளைகள் சொல்வது சாக்கு அல்ல. விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் பக்கத்தை 2006-ல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின் என்ற அமெரிக்கர். பிற்காலத்தில் அவரே அதற்காக வருத்தம் தெரிவித்தார். புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு, சினிமாவுக்கு இடைவேளை உண்டு. இதற்கு எதுவும் இல்லை. அதோடு, பத்து வீடியோவில் ஒன்றுதான் மனதைப் பிடிக்கும். அது எப்போது வரும் என்று தெரியாது. வாய்க்காலில் தூண்டில் போட்டு உட்கார்ந்தவனைப் பாருங்கள். வீசும்போதெல்லாம் மீன் மாட்டினால் அரைமணியில் கூடை நிறைந்து வீட்டுக்குப் போய்விடுவான். எப்போதாவது மாட்டுவதால்தான் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்கிறான். மூளைக்குள் நடப்பதும் ஏறத்தாழ அதுதான். பெரிய பெரிய நிறுவனங்கள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்கிற வேலை இது. பத்தொன்பது வயதுப் பிள்ளை தன் மன உறுதியால் மட்டும் இதை வென்றுவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். இதை வெளியூர் மருத்துவர்கள் எழுதுகிற கட்டுரைகளில் பார்க்க முடியாது. அய்யம்பேட்டை, பண்டாரவாடை, ராஜகிரி, அதிராம்பட்டினம், மதுக்கூர், கூத்தாநல்லூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் தெருவுக்குப் பல வீட்டில் அத்தா சபுராளி. சவூதி, குவைத், கத்தார் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். துபாய் ஒன்றரை மணி பின்னால். அங்கே கடையிலோ உணவகத்திலோ வேலை பார்ப்பவர் இஷா முடிந்து, கடை அடைத்து, அறைக்கு வந்து சாப்பிட்டு உட்கார இரவு பத்து மணி ஆகும். இங்கே பன்னிரண்டரை. அப்போதுதான் வீடியோ கால் வருகிறது. அம்மா பேசுகிறார், பாட்டி பேசுகிறார், கடைசியில் பிள்ளையிடம் வருகிறது. "நல்லா படிக்கிறியா?" "படிக்கிறேன் அத்தா." பேசி முடிக்க ஒரு மணி. அதுவரை தூங்கக்கூடாது என்பதற்காகப் பத்து மணியிலிருந்து பிள்ளை ஃபோனைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கிறது. பேசி முடித்ததும் கையில் ஃபோன், கண்ணில் தூக்கமில்லை. இன்னும் முக்கால் மணி நேரம் போகிறது. மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்கள் வீட்டில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே நம்மைவிட இரண்டரை மணி முன்னால் என்பதால் நம் பத்து மணிக்கெல்லாம் அவர்கள் தூங்கியிருப்பார்கள்.

இதற்காக அத்தாக்களைக் குறை சொல்லவில்லை. பாலைவனத்து வெயிலில் நின்றுவிட்டு வந்து பிள்ளை முகத்தைப் பார்க்க நினைப்பவரிடம் பார்க்காதீர்கள் என்று யார் சொல்வார்? நேரத்தை மாற்றலாமே என்றுதான் கேட்கிறோம். சவூதியில் பல கடைகள் நண்பகலில் அடைத்து மாலை நான்கு மணிவாக்கில் திறக்கின்றன. அங்கே மூன்றரை என்றால் இங்கே ஆறு மணி; பிள்ளை கல்லூரியிலிருந்து வந்து முகம் கழுவி டீ குடிக்கிற நேரம். வெள்ளிக்கிழமை விடுமுறை உள்ளவர்கள் இங்கே மக்ரிபுக்குப் பின் ஏழு மணிக்குப் பேசலாம், அங்கே நாலரைதான். மற்ற நாள்களில் ஒரு குரல் பதிவு அனுப்பினால் பிள்ளை சௌகரியமான நேரத்தில் கேட்டுக்கொள்ளும். இரவில் பேசியே ஆகவேண்டுமென்றால் அம்மாவின் ஃபோனில் அம்மா பேசட்டும். பிள்ளையை எழுப்பவேண்டாம். இந்த இதழைக் கையில் வைத்திருக்கும் தாய்மார்கள் இந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அத்தாவுக்கு அனுப்பினால் போதும்.

தூக்கத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரை உள்ளவர்களுக்கு இரவில் ஏழு முதல் ஒன்பது மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்கிற அளவு. இருட்டத் தொடங்கியதும் மூளையில் மெலடோனின் என்ற சுரப்பு ஊறி, தூங்கும் நேரம் வந்துவிட்டது என்று உடம்புக்கு அறிவிக்கிறது. கண்ணுக்கு நேரே பிடித்த வெளிச்சம் அதைத் தள்ளிப்போடுகிறது. அதைவிடப் பெரிய இடைஞ்சல், பார்க்கிற விஷயம் மனதைக் கிளறிவிடுவது. சண்டை வீடியோவோ, கூடப் படிப்பவர் போட்ட படமோ பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் மனம் அடங்குமா? பகலில் படித்தது நினைவில் பதிவதும் பெரும்பாலும் தூக்கத்தில்தான். இரவெல்லாம் விழித்துப் படித்தேன், பரீட்சையில் மறந்துவிட்டது என்று பிள்ளை சொன்னால் அது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. நபி (ஸல்) அவர்கள் இஷாவுக்கு முன் தூங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் உட்காருவதையும் விரும்பியதில்லை என்று மதரஸாவில் நாம் எல்லோருமே படித்திருக்கிறோம். இஷா முடிந்து ஒரு மணி நேரத்தில் அடங்குகிற வீட்டில்தான் சுபுஹுக்கு எழுப்ப ஆள் தேவைப்படாது.

அடுத்தது மன அழுத்தம். இந்த வார்த்தையைச் சொன்னதும் "எங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்று சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளை, கல்லூரியில் முதல் நாளே ஆங்கிலப் பாடத்தின்முன் உட்காருகிறது. காக்கா விசாவுக்கு வாங்கிய கடன், தங்கையின் கல்யாணம், தன் படிப்புச் செலவு எல்லாம் ஒரே சம்பளத்தில் ஓடுவது அதற்குத் தெரியும். பெண்பிள்ளை என்றால் இரண்டாம் ஆண்டிலேயே மாப்பிள்ளைப் பேச்சு ஆரம்பமாகிறது. படிப்பை முடிக்க விடுவார்களா என்ற கவலை தனி. இதைப் பேச வீட்டில் இடமில்லாதபோது ஃபோன் ஒரு மறைவிடமாகிவிடுகிறது. அங்கே போய் ஒளிந்திருக்கிற பிள்ளையை மேலும் திட்டினால் அது இன்னும் உள்ளே போகும்.

அழுத்தம் என்பது மனதில் மட்டும் நடப்பதும் அன்று. ஆபத்து வந்தால் ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடம்பை அல்லாஹ் தயார்படுத்தி வைத்திருக்கிறான். நெஞ்சு வேகமாக அடிக்கிறது, தசை இறுகுகிறது, அட்ரினலின், கார்டிசால் என்ற சுரப்புகள் ரத்தத்தில் கூடுகின்றன. நாய் துரத்தினால் ஓடித் தீர்த்துவிடுவோம். தேர்வு முடிவுக்குப் பயந்தால் எங்கே ஓடுவது? ஓடத் தயாரான உடம்போடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். நடந்தாலோ ஓடினாலோ அந்த இறுக்கம் தளர்கிறது. அன்றிரவு தூக்கமும் ஆழமாக வருகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வு நோய் உள்ள 156 பேரை 16 வாரம் கவனித்தார்கள். உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் முடிவில் ஏறக்குறைய ஒரே அளவு குணம் தெரிந்தது. அவர்கள் எல்லோரும் 50 வயதைக் கடந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். இதைப் படித்துவிட்டு யாரும் மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது.

நம் வட்டாரத்தில் உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்பட்டதில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், கல்லணை தாண்டித் தண்ணீர் வரும்முன்பே வயலில் வேலை தொடங்கிவிடும். குறுவை, சம்பா, தாளடி என்று ஆண்டில் பாதி நாள் உழைப்புதான். இப்போது நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. அது நல்லதுதான், முதுகொடிந்த வேலை குறைந்தது. ஆனால் அந்த உழைப்பின் இடத்தில் வேறு எதுவும் வரவில்லை. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த இலவச சைக்கிள் பல வீட்டுக் கொல்லையில் துருப்பிடித்து நிற்கிறது. கல்லூரியில் சேர்ந்ததும் பைக். இல்லையென்றால் வாசலில் ஏறி வாசலில் இறங்கும் கல்லூரிப் பேருந்து. போக ஒரு மணி, வர ஒரு மணி, வகுப்பில் ஐந்தாறு மணி, வீட்டில் நான்கைந்து மணி எல்லாமே உட்கார்ந்தபடிதான்.

1953-ல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்துகளில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகமாக வந்திருந்தது. ஒரே வண்டி, ஒரே ஊர். இன்று நம் பிள்ளைகள் எல்லோரும் அந்த டிரைவர் இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். சர்க்கரை நோய் இல்லாத வீடு நம் தெருவில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் இது வேறு கவலையையும் கிளப்பும்.

பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் ஐந்து நாள், அரைமணி வேகநடை. அவ்வளவுதான். ஐந்து வேளைத் தொழுகையே உடற்பயிற்சிதானே என்று சில சகோதரர்கள் வாதிடுகிறார்கள். தொழுகை வணக்கம், அதை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதுவது எங்களுக்கு உவப்பாக இல்லை. பள்ளிவாசலுக்குப் பைக்கில் போகாமல் நடந்து போனால் அந்த நடையைத் தாராளமாகக் கணக்கில் எழுதலாம். சுபுஹு தொழுதுவிட்டு அப்படியே ஆற்றங்கரைப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்தால், வெயில் ஏறுமுன் அன்றைய பங்கு முடிந்துவிடும். தஞ்சை நகரில் இருப்பவர்களுக்குப் புதாற்றுக் கரை இருக்கிறது, அன்னை சத்யா விளையாட்டரங்கம் இருக்கிறது.

பெண்பிள்ளைகளுக்கு எது இருக்கிறது? 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு, இந்தியாவில் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் ஆண்களில் 42 விழுக்காடு, பெண்களில் 57 விழுக்காடு என்று கணக்கிட்டது. 2022-ம் ஆண்டு நிலவரம் அது. நம் வீட்டுப் பெண்பிள்ளை கல்லூரி விட்டு வந்து கதவுக்குள் போனால் மறுநாள் காலைதான் வெளியே வருகிறாள். பையன் சாயங்காலம் கிரிக்கெட் ஆடப் போகிறான். அவளுக்கு ஃபோனைத் தவிர வேறு வாசல் எதையும் நாம் திறந்து வைக்கவில்லை. அப்புறம் எந்நேரமும் ஃபோன்தான் என்று அவளை எப்படிக் குறைசொல்வது? ஆயிஷா (ரலி) அவர்களோடு நபி (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தியைப் பயானில் கேட்டு மகிழ்கிற நாம், நம் மகளுக்கு அரைமணி நடக்க இடம் தேடியிருக்கிறோமா? மொட்டைமாடி இருக்கிற வீட்டில் அங்கே நடக்கலாம். அம்மாவும் மகளும் சேர்ந்து நடந்தால் பேச்சும் வரும். வீட்டுக்குள் வராத பேச்சுகூட அங்கே வரும்.

தனி வீடாக முயல்வதைவிட ஊராகச் சேர்ந்து முடிவெடுப்பது எளிது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். கொரோனாவுக்குப் பின் பிள்ளைகள் படிப்பில் உட்காரவில்லை என்று கவலைப்பட்டு, 2022-ல் ஊர்கூடி ஒரு முடிவெடுத்தார்கள். தினமும் மாலை ஏழு மணிக்கு ஊர்க் கோயிலிலிருந்து சங்கு ஒலிக்கும். எட்டரை மணிக்கு மறுபடி ஒலிக்கும் வரை எந்த வீட்டிலும் டிவியும் ஃபோனும் ஓடாது, பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான். எங்களைக் கவர்ந்தது அந்தக் கடைசி விஷயம். அத்தாவும் அம்மாவும் ஸ்டேட்டஸ் பார்த்துக்கொண்டே பிள்ளையிடம் ஃபோனை வை என்றால் வைக்குமா? நமக்குச் சங்கு தேவையில்லை. இஷா பாங்கு இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடிய சின்ன வேலை இன்னும் ஒன்று. சார்ஜர்கள் எல்லாவற்றையும் படுக்கையறையிலிருந்து எடுத்துக் கூடத்தில் வையுங்கள். இரவில் எல்லோருடைய ஃபோனும் அங்கேதான் கிடக்கவேண்டும். காலையில் எழுந்திருக்க அலாரத்துக்கு ஃபோன் வேண்டும் என்று பிள்ளை சொல்லும். கடைத்தெருவில் அலாரக் கடிகாரம் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. முதல் நான்கைந்து நாள் தூக்கம் வராமல் புரளும், கோபப்படும். பொறுத்துக்கொள்ளுங்கள். தேர்வு வாரத்தில் இதையெல்லாம் தொடங்கவேண்டாம், விடுமுறையில் தொடங்குங்கள்.

பிள்ளையை "ஃபோனுக்கு அடிமை" என்று நாலு பேர் முன்னால் பட்டம் கட்டவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் நோய்ப் பட்டியலில் சேர்த்தது விளையாட்டுக் கோளாறை மட்டும்தான். ஆட்டத்தை நிறுத்தும் கட்டுப்பாடு போய், மற்ற எல்லாவற்றையும்விட அதுவே பெரிதாகி, கேடு வந்தபின்னும் தொடர்ந்து, பொதுவாக ஓர் ஆண்டு அளவுக்கு அப்படியே இருந்தால்தான் அந்தப் பெயர். அந்த நிலைக்குப் போனவர்களுக்குச் சிகிச்சை உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்காகவே 2014 முதல் தனிப் பிரிவு நடக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் இறங்கியவர்கள் கதை வேறு. தமிழக அரசு 2025 தொடக்கத்தில் நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 மணி வரை அத்தகைய ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. எந்த நேரத்தில் மனிதன் தடுமாறுவான் என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றமும் அந்த ஜூன் மாதம் விதியை உறுதிசெய்தது. ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் நாடு முழுவதும் பண ஆட்டங்களுக்கே தடை போட்டது. சட்டத்துக்கு முன்பே கடனில் மாட்டிய பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் மறைக்காமல் எங்களிடம் வாருங்கள். பேச்சு வெளியே போகாது.

பிள்ளை சாப்பாட்டை ஒதுக்குகிறது, நண்பர்களையும் பார்க்கப் போவதில்லை, வாழ்ந்து என்ன பயன் என்பதுபோல் பேசுகிறது என்றால் தூக்கம், நடை என்று காத்திருக்கக்கூடாது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண் இது. எந்நேரமும் தமிழில் பேசலாம். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பிள்ளையோடு துணைக்கு ஆள் வேண்டுமென்றால் அலுவலகத்தில் சொல்லுங்கள், ஒருவர் வருவார்.

பெண்கள் நடப்பதற்கு, மதரஸாவின் பின்பக்கத் திடலை அஸருக்குப் பின் மக்ரிப் பாங்கு வரை ஒதுக்க நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள், ஜன்னல்களும் அடைத்திருக்கும். சாவி மகளிர் மதரஸா ஆலிமாவிடம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திடல் சேறாகிவிடும் என்பதால் அந்த இரண்டு மாதமும் மேல்மாடி வராந்தாவைத் திறந்துவிடுகிறோம். கல்லூரிப் பேருந்து ஐந்தரைக்குத்தான் வருகிறது, நேரம் போதவில்லை என்று மாணவிகள் சிலர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை காலையிலும் திறக்கலாமா என்று ஆலிமாவிடம் கேட்டிருக்கிறோம். பதில் வந்ததும், இன்ஷா அல்லாஹ், பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதுகிறோம்.